எந்த வண்டி என்று எழுதுவது?

நான் வீட்டு வாசலில் நின்று "பேப்பர் இருக்கா?" என்று கேட்பதை நீங்கள் இருவரும் கேலி செய்கிறீர்கள். நேற்றுகூட பிரிசில்லா வண்டியை வெளியே எடுக்கும்போது, "அம்மா, செக்போஸ்ட் தொறந்தாச்சு, இனிமே கேட்டைத் தொறக்கலாம்" என்றாள். அருள் அதற்கும் மேலே போய் எனக்கு ஒரு சல்யூட் வைத்தான். நானும் சிரித்தேன். ஓய்வு பெற்ற போலீஸ்காரனுக்கு வீட்டில் அந்த அளவு கேலி இருப்பது நல்லதுதான்.

போன மாதம் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. நான் கடைசியாக வேலை பார்த்த நிலையத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது சாலையில் கேமரா வைக்கிறார்களாம். வண்டியை நிறுத்தவே வேண்டாம். அது நம்பரைப் படித்து, காப்பீடு இல்லையென்றால் அபராதச் செய்தியை நேராக உரிமையாளரின் போனுக்கு அனுப்பிவிடும். "ரோட்ல நின்னு கைகாட்டிப் புடிச்சீங்களே ஐயா, அதைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். எழுந்து நின்றேன். ஹெல்மெட்டைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாததால் தொடங்கவே இல்லை. உங்களுக்கு எழுதினால் முடிவு தெரியாமலும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என் படிப்பு உங்களுக்குத் தெரியும். பத்தாவதோடு சரி. உங்கள் தாத்தா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். சீருடை போட்டு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால் போதும் என்று என்னைத் தேர்வுக்கு அனுப்பினார். பயிற்சியில் இரண்டு விஷயம் கற்றேன். நேராக நிற்பது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது. மற்றதெல்லாம் திருவாலங்காடு, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று மாற்றலாகிப் போன இடங்களில் கற்றதுதான். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, வருடங்கள் சேரச் சேர எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர், ஆனேன். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வேதாசலம் ஐயா எங்களுக்கு இன்ஸ்பெக்டராக வந்தார்.

அவர் குரலை உயர்த்த மாட்டார். நாம் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் ஏதோ சொல்லாமல் விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நமக்கே தோன்றும், சொல்லிவிடுவோம். அவர் வந்த சில நாட்களில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வரி கட்டாத வண்டி, காப்பீடு இல்லாத வண்டி எல்லாவற்றையும் தீவிரமாகப் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் காலை எல்லோரும் கிளம்பத் தயாராக நின்றோம். ஐயா நிலையத்து வாசலில் வரிசையாக நின்ற எங்கள் சொந்த பைக்குகளைப் பார்த்தார்.

"முதல்ல நம்ம வண்டி" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏட்டு கோதண்டத்தின் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"கோதண்டம், காப்பீடு முடிஞ்சுபோச்சே?"

"ஐயா, நான் போலீஸுங்க ஐயா."

"வண்டி போலீஸ் இல்லையே."

அந்த நடவடிக்கையில் நாங்கள் அபராதம் போட்ட முதல் வண்டி எங்கள் ஏட்டையாவுடையதுதான். மதியம் வரை கோதண்டம் யாரோடும் பேசவில்லை. பிறகு பிடிபட்டவர்களிடம் அவரே, "எனக்கே போட்டாங்கய்யா, நீ இன்னா பெரிய ஆளா?" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அதற்கு மறுபேச்சே வரவில்லை.

ஐயாவின் முறைகளை நான் இன்னும் மறக்கவில்லை. வண்டியை நிறுத்தியதும் சாவியைப் பிடுங்குவது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். அதை நிறுத்தினார். "சாவி அவன்து. பேப்பர் மட்டும் கேளுங்க." வளைவில் நிற்கக் கூடாது. மர நிழலோ மேம்பால நிழலோ இருக்கும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும், பிடிபடுகிறவன் வெயிலில் நிற்கக் கூடாது. திரும்பி ஓடுகிறவனைத் துரத்தக் கூடாது. "நம்பர் கீது இல்ல? துரத்தினா போய் லாரியில விழுவான். அப்புறம் அவன் ஊட்டுக்கு யார் போய் சொல்றது, நீயா நானா?" கோபம் வந்தால் மட்டும் அவர் பேச்சில் எங்கள் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

வரி பார்ப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வேலை. அந்த அலுவலக ஆய்வாளரும் சில நாள் எங்களோடு வந்து நிற்பார். ஒருநாள் வெளிமாநில நம்பர் போட்ட பெரிய கார் ஒன்று. இங்கேயே ஒரு கம்பெனியில் அதிகாரியாக இருப்பவருடையது, வருடக்கணக்கில் இங்கேதான் ஓடுகிறது, தமிழ்நாட்டு வரி கட்டவில்லை. அவர் கண்ணாடியை இறக்காமலே யாருக்கோ போன் போட்டார். ஐயா கதவருகில் கைகட்டி நின்றார். கண்ணாடி இறங்கியதும், "பேசி முடிச்சுட்டீங்களா சார்? இல்ல, இன்னும் யாராவது பாக்கி இருந்தா பேசிக்குங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றார். கார் அன்று வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்ததாக வந்தது ஒரு கூலியாளின் பழைய மொபெட். அவனிடமும் அதே குரல், அதே நிற்பு. அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அதனால்தான் பிறகு நடந்ததில் எனக்கு இவ்வளவு குழப்பம்.

நம் பக்கத்து ஆட்கள் செய்கிற ஒரு தவறைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புது பைக் எடுக்கும்போது ஷோரூமிலேயே ஆயுளுக்குமான சாலை வரியைக் கட்டிவிடுகிறார்கள். கூடவே ஐந்து வருடத்துக்குக் காப்பீடும் போட்டுத் தருகிறார்கள். எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் வருகிறது. வண்டிக்குப் பூஜை போட்டோ ஜெபம் செய்தோ அந்தக் கவரை பீரோவில் வைத்துப் பூட்டினால் அதோடு மறந்தாகிவிட்டது. வரியைப் போல காப்பீடும் வண்டி உள்ள வரைக்கும் இருக்கும் என்று நம்பிக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஏமாற்ற நினைத்தவர்களைவிட இப்படி நம்பியவர்களைத்தான் நாங்கள் அதிகம் பிடித்தோம்.

முனுசாமியும் அப்படி நம்பியவன். இரும்புக் கம்பி உருட்டும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது, சர்வீஸ் ரோட்டில் நடந்துபோன தேவராஜை அவன் வண்டி இடித்துவிட்டது. பின்னால் வந்த டிரெய்லர் லாரி ஒன்று ஹாரன் அடித்ததில் பதறி ஒதுங்கினானாம். தேவராஜ் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். இருவரும் ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. முனுசாமியே அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குத் தகவல் வருவதற்குள் ஊர்க்காரர்கள் வண்டியை அங்கிருந்து தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது ரோட்டில் உடைந்த கண்ணாடித் துண்டும் ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன. எந்த வண்டி இடித்தது என்று அதுவரை எங்கள் பக்கம் எதுவும் எழுதப்படவில்லை.

மறுநாள் காலை மூன்று பேர் நிலையத்துக்கு வந்தார்கள். தேவராஜின் மனைவி கன்னியம்மா, முனுசாமி, முனுசாமியின் மைத்துனன் செல்வம். இடித்தவனும் இடிபட்டவரின் மனைவியும் ஒன்றாக வருவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஐயா வெளியே போயிருந்தார். புகார் எழுத நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

கன்னியம்மா முதலில் பேசினாள். "சார், எங்க ஊட்டுக்காரரை இட்ச்சது அதோ நிக்குது பாருங்க, அந்த செவப்பு வண்டி."

எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு சிவப்பு பைக், துடைத்து வைத்தது போல ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

"யாரு ஓட்டினது?"

"நான்தான் சார்." செல்வம் வகுப்பில் பேர் கூப்பிட்டதுபோலக் கையைத் தூக்கினான்.

"நீ ஓட்டினியா? அப்போ முனுசாமி இன்னாத்துக்கு அழுதுகினு கீறான்?"

முனுசாமி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். "வண்டி எட்த்த அன்னிக்கே எல்லாம் கட்டிட்டேன் சார். ஒரே கவர்ல போட்டுக் குட்த்தாங்க. இன்சூரன்சு முடிஞ்சுபோவும்னு யாரும் சொல்லல சார்" என்றான்.

கன்னியம்மா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கெட்டிக்காரி. சுற்றி வளைக்கவில்லை. "சார், நீங்களும் நம்ம பக்கத்து ஆளுதான், பேச்சைப் பார்த்தாலே தெரியுது. இவன் வண்டியைப் போட்டா இவன்தான் குட்க்கணும். இவன்கிட்ட இன்னா கீது? வாடகை ஊடு, ரெண்டு புள்ளைங்க. செல்வம் வண்டிக்கு இன்சூரன்சு கீது. அதைப் போட்டா கம்பெனி குட்க்கும். எங்க ஊட்டுக்காரருகிட்ட நான் சொல்லிக்கிறேன். இதுல யாருக்கு சார் நஷ்டம்?"

நான் பேனா மூடியைத் திறந்துவிட்டேன். தாள் முன்னால் இருந்தது. சாட்சியும் ஒப்புதலும் அவர்களே கொண்டு வந்திருந்தார்கள். மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தேதியை எழுதினேன், நிலையத்தின் பெயரை எழுதினேன். அடுத்து வண்டி எண் எழுத வேண்டும். அப்போது வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஐயா உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கன்னியம்மா மறுபடியும் ஒருமுறை சொன்னாள். அவர் தன் அறைக்குப் போகாமல் அவர்கள் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து கேட்டார். டீ வரவழைத்தார். பிறகு செல்வத்தைப் பார்த்தார்.

"நேத்து காலையில நீ எங்க இருந்த?"

"டூட்டில சார்... இல்ல சார், ரோட்டுல."

"உங்க கம்பெனில விரல் வைக்கிற மிஷின் இருக்கா?"

"கீது சார்."

"நேத்து வச்சியா?"

செல்வம் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"அதுக்கின்னா சார்?" என்றாள் கன்னியம்மா. "வேற ஆளைக் கூட்டினு வரேன். ஊர்ல எத்தினியோ வண்டி கீது."

"அம்மா, நாளைக்கு அந்த இன்சூரன்சு கம்பெனி ஆளு தெருத் தெருவா விசாரிப்பான். பொய்னு தெரிஞ்சா உங்க புருஷனும் வந்து கோர்ட்டுல..." ஐயா அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"ஒத்தக் கால்ல நிக்கணும். அதான சொல்ல வந்தீங்க? சொல்லுங்க சார், பரவால்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க நெஜத்தை எழுதுனா எங்களுக்கு இன்னா சார் வரும்?"

அவர் வழக்கம்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவர்தான் ஏதோ சொல்லாமல் வைத்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது. "ஒண்ணும் வராதும்மா" என்றார்.

"பொய் எழுதுனா?"

"வரலாம். வராமலும் போவலாம்."

"அப்போ வரலாங்கிறதை எழுதுங்களேன் சார்!"

பிரிசில்லா, அருள், நீங்கள் படித்தவர்கள், இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள். ஐயா, "கூடாது" என்று சொல்லவில்லை. "சட்டம்" என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. "என்னால முடியாதும்மா" என்று மட்டும்தான் சொன்னார். தன் உடம்பில் உள்ள ஒரு குறையைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "முனுசாமி வண்டி நம்பரை எழுதுங்க" என்றார். எழுதினேன்.

கன்னியம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. டீயை முழுக்கக் குடித்துவிட்டு, கிளாசைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். போலீஸ் ஸ்டேஷனில் குடித்த கிளாசைக் கழுவி வைத்த ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

ஐயா சும்மா இருக்கவில்லை. இலவசச் சட்ட உதவிக்கு அவரே ஆள் பிடித்துக் கொடுத்தார். வழக்கு நடந்தது. முனுசாமிதான் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் வந்தது. சரியான தீர்ப்புதான். ஆனால் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. தேவராஜ் இப்போது ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்காருகிறார். அவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அதன் பிறகுதான் முனுசாமி வேலைக்குப் போகிறான். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஐயாவின் சோதனை இன்னும் கடுமையானது. ஷிப்டு மாறும் நேரம் பார்த்து, தொழிற்சாலைகளுக்குப் போகும் ரோட்டில் தினமும் நின்றார். காப்பீடு முடிந்த வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துபோகச் சொல்வார். சாயந்தரம் காப்பீட்டைப் போட்டுக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் வண்டி. ஊரில் எங்களைத் திட்டாத வாய் இல்லை. "காலை முனுசாமி எட்த்தான், கஞ்சியை இன்ஸ்பெக்டரு எட்த்தான், இப்போ வண்டியையும் எட்க்க வந்துகீறாங்க" என்று எங்கள் காதுபடவே பேசினார்கள். ஐயா காதில் விழாததுபோல நிற்பார். கோதண்டம்தான், "பேஜாரா கீதுய்யா, வேற ஊருக்கு மாத்தல் கேட்டுடலாமா?" என்று என்னிடம் முணுமுணுப்பார்.

அப்படி ஒருநாள் காலையில் தூரத்தில் ஒரு மொபெட் வந்தது. பின்னால் பெரிய இட்லிப் பானை, பக்கத்தில் சாம்பார் தூக்கு தொங்குகிறது. கொஞ்சம் கிட்டே வந்ததும்தான் ஓட்டுவது யார் என்று தெரிந்தது. கன்னியம்மா. கணவன் வேலை போனதிலிருந்து தொழிற்சாலை வாசலில் நாஷ்டா விற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வலது பக்கம் ஒரு சந்து இருந்தது. திரும்பிவிடு தாயே என்று மனதுக்குள் சொன்னேன். அந்த மொபெட்டுக்குக் காப்பீடு இல்லையென்றால் ஐயா என்ன செய்வார்? நிறுத்தினாலும் தப்பு, விட்டாலும் தப்பு. கோதண்டம் மெதுவாக, ஓரமாக நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவள் திரும்பவில்லை. ஐயா கையைக் காட்டினார். மற்றவர்களுக்குக் காட்டுகிற அதே கை.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். ஐயா காப்பீட்டுத் தாளை எடுத்தார். போனில் நம்பரைப் போட்டாலே தெரிந்துவிடும். ஆனாலும் அந்தத் தாளை முன்பக்கம், பின்பக்கம் என்று முழுதாகப் படித்தார். இட்லிப் பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"சரியா இருக்கும்மா. நல்லது" என்றார்.

"இன்னா நல்லது?" என்றாள் அவள். "பேப்பர் சரியா இருந்தா ஒண்ணும் பேசாம அனுப்பிடுவீங்க இல்ல? அதுக்குத்தான் சார் போட்டேன். உங்ககூட இன்னொரு வாட்டி உக்காந்து பேச எனக்குத் தெம்பு இல்ல."

ஐயா தாளை மடித்து, கவரில் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் வண்டிகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் எதையும் நிறுத்தவில்லை.

பிறகு ஐயா என்னைப் பார்க்காமலே கேட்டார். "அன்னிக்கு நான் உள்ள வரும்போது நீங்க பேனாவைத் தொறந்து வச்சிருந்தீங்க. நான் வராம இருந்திருந்தா எந்த வண்டியை எழுதியிருப்பீங்க?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகியவன் நான். "தெரியலீங்க ஐயா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தார். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த வண்டிக்குக் கையைக் காட்டினார்.

அவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். நான் வீட்டில் இருக்கிறேன். சில நாள் அவர் செய்தது சரி என்று தோன்றுகிறது. ஒரு பொய்யை எழுதத் தொடங்கினால் அப்புறம் எந்தக் காகிதத்தையும் யாரும் நம்ப முடியாது. சில நாள், அந்த ஜீப் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. இரண்டையும் நினைத்துக்கொண்டே வாசலில் நிற்கிறேன், நீங்கள் வண்டியை எடுக்கிறீர்கள், என் வாய் தானாகக் கேட்டுவிடுகிறது.

காப்பீடு இருந்தால் விபத்து நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் பிள்ளைகளால் ஒருவருக்கு ஒன்று ஆகி, அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒரு போலீஸ்காரன் முன்னால் உட்கார்ந்து நிஜத்துக்கு என்ன வரும், பொய்க்கு என்ன வரும் என்று கேட்கும்படி ஆகக் கூடாது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இந்த அளவுதான்.

அருள், உன் வண்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது. பிரிசில்லா, உன்னுடையது வருகிற மாதத்தோடு முடிகிறது.